போனது, வந்தது, நாள்

புள்ளலூரில் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்ததும் அவர் உள்ளேயிருந்து எடுத்து வந்தது ஒரு குயர் நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து மூன்று கட்டம் போட்டிருந்தது. மேலே தலைப்பு: போனது, வந்தது, நாள். அட்டனில் இருக்கும் அம்மாவைப் பார்க்க இலங்கைக்குப் போய்வந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஓர் எண். அந்தப் பயணத்துக்கான குடிவரவு முத்திரை பாஸ்போர்ட்டில் எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

"கல்யாண ஆல்பத்த யாரும் கேக்கல சார். இதத்தான் கேட்டாங்க" என்றார்.

பெயரும் படமும் வேண்டாம் என்பது அவர் நிபந்தனை. மலையகத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தபோது, அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்த புள்ளலூர்க்காரரோடு பழக்கம். 2014-ல் கல்யாணம். 2015 முதல் இந்த ஊரில்தான் வாழ்க்கை. பெண் ஒன்று, பையன் ஒன்று. கணவர் இந்தியர் என்ற அடிப்படையில் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நேர்காணலையும் முடித்துவிட்டார். நேர்காணலுக்கு எப்படித் தயாரானீர்கள் என்று கேட்கத்தான் நான் போனேன். நாலு நாள் உட்கார்ந்து படித்த கதையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தாலி கட்டிய மறுநாளிலிருந்தே தொடங்க வேண்டிய தயாரிப்பு இது என்பதை அந்த நோட்டு சொன்னது. இப்படி மணந்து வந்த பெண்களில் பலருக்கு இதை யாரும் முதல் நாளே சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இந்தியரைக் கட்டிக்கொண்டால் இந்தியக் குடிமகள் ஆகிவிடலாம் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், பிரிவு 5(1)(சி). இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, ஏழு ஆண்டுகள் இந்தியாவில் வழக்கமாகக் குடியிருப்பவர், பதிவு மூலம் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். அந்த ஏழு ஆண்டுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதமும் முழுக்க இங்கேயே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் மொத்தம் ஆறு ஆண்டுக்குக் குறையாமல் இங்கே இருந்திருக்க வேண்டும். குயர் நோட்டின் மூன்றாவது கட்டம் இதற்குத்தான்.

இந்தப் பிரிவு வளர்ந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 1955-ல் எழுதியபோது அதில் 'பெண்கள்' என்றுதான் இருந்தது. இந்தியரை மணந்த பெண்கள், அல்லது முன்பு மணந்திருந்த பெண்கள். சோனியா காந்தி 1968-ல் மணந்து 1983 ஏப்ரலில் குடியுரிமை பெற்றது இந்தப் பிரிவின்கீழ்தான். 1986 திருத்தத்தில் 'பெண்கள்' போய் 'நபர்கள்' வந்தது. ஐந்து ஆண்டு வசிப்பும் வந்தது. 2003-ல் நிறைவேறி 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை ஏழாக்கியது. அதே திருத்தத்தில் 'முன்பு மணந்திருந்த' என்ற சொற்களும் காணாமல் போயின. இன்றைக்குச் சட்டத்தில் இருப்பது 'மணந்திருக்கும் ஒருவர்' என்பது மட்டும்.

சட்டப் புத்தகத்தில் ஒன்றிரண்டு சொல் போனால் என்ன என்று தோன்றலாம். ஆறாவது வருடத்தில் கணவன் லாரியில் அடிபட்டு இறந்துபோனால் இந்த வாசல் அந்தப் பெண்ணுக்குச் சாத்தப்பட்டுவிடும். விவாகரத்து ஆனாலும் அப்படித்தான். அடி வாங்கிக்கொண்டாவது ஏழு வருடம் குடித்தனம் நடத்தத்தான் வேண்டும் என்று ஒரு பெண் நினைக்கும் நிலையை இந்தச் சொல்நீக்கம் உண்டாக்கிவிட்டது. பழைய சொற்களைத் திரும்பச் சேர்ப்பது நாடாளுமன்றத்துக்கு ஒரு வரி வேலை. செய்ய வேண்டும்.

புள்ளலூர் மருமகளின் பின்கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இவருடைய தாத்தாவின் அப்பா திருச்சிப் பக்கம் துறையூரிலிருந்து கங்காணியோடு கிளம்பித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அப்படிப் போனவர்களின் பிள்ளைகளை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இவர் குடும்பத்தில் தாத்தாவின் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தார். தாத்தா தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே தங்கிவிட்டார். அப்படித் தங்கியவர்களில் விடுபட்டவர்களுக்கு இலங்கை 2003-ம் ஆண்டு 35-ம் இலக்கச் சட்டத்தில்தான் குடியுரிமை கொடுத்தது.

"எங்க தாத்தா சாகுற வரைக்கும் எந்த நாட்டுக்காரர்னு அவருக்கே தெரியாது. பாட்டிக்கு அடையாள அட்டை கெடைக்கிறப்ப கண்ணு தெரியாமப் போச்சு. இப்ப நான் திரும்ப இங்க வந்து கேட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்று அவர் சொன்னபோது குரலில் கசப்பு இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

தயாரிப்புக்கு வருவோம். முதலில் கல்யாணத்துக்கே தாள் வேண்டும். இவர்கள் கல்யாணம் குலதெய்வக் கோவிலில் நடந்தது. கோவில் ரசீதும் பத்திரிகையும் போதும் என்று மாமனார் நம்பியிருக்கிறார். கணவரின் நண்பர் ஒருவர் ஷார்ஜாவிலேயே எச்சரித்து வைத்திருந்ததால், 1954-ம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது நாள் அறிவிப்புப் போட்டுப் பதிந்தார்கள். இவருக்கு முன்பு திருமணம் ஆகவில்லை என்பதற்கு இலங்கையிலிருந்து சான்று வரவழைத்தார்கள். தமிழ்நாட்டில் எந்தத் திருமணத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்று 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. உள்ளூர் ஜோடிகளே அதைத் தள்ளிப்போடுகிறார்கள். வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டியவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து பெயர். நேர்காணலில் விசாரணை அதிகாரிகளை அதிகம் நிறுத்திவைப்பது பெயர்தான். இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அப்பா பெயர் முன்னால் வருகிறது. பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. நம் ஊர் ஆதாரில் தலைப்பெழுத்து மட்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது தாய் பெயர் என்ற இடத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டார்கள். ஒரே பெண் நான்கு தாளில் நான்கு பேராக நிற்கிறார். நோட்டரியிடம் போய், இந்த நான்கு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். பள்ளிப் பதிவேட்டைத் திருத்தத் தலைமை ஆசிரியரைப் பார்த்தார்கள். அந்த ஒரு திருத்தத்துக்கு மட்டும் மூன்று மாதம்.

பிறகு விசா. மனைவி என்ற முறையில் நுழைவு விசாவில் வந்தவர், ஒவ்வொரு முறை காலாவதி ஆவதற்கு முன்பும் நீட்டித்திருக்க வேண்டும். முன்பெல்லாம் இதற்குச் சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குக் கைக்குழந்தையோடு முதல் பஸ் பிடித்துப் போவாராம். இப்போது ஆன்லைன் வந்துவிட்டது. ஒரு நாள்கூட விசா இல்லாமல் இருந்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை. இருக்க வேண்டிய பெருமைதான். முறையாக வந்தவர்கூட அனுமதிக் காலம் தாண்டித் தங்கிவிட்டால் சட்டத்தின் கண்ணில் 'சட்டவிரோதக் குடியேறி' ஆகிறார். அப்படி ஆனவர் பிரிவு 5-ன்கீழ் விண்ணப்பிக்கவே முடியாது. இதோடும் போவதில்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தை, தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் அந்தச் சமயத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால் பிறப்பால் இந்தியர் ஆகாது. அம்மா விசாவைப் புதுப்பிக்க மறந்த மாதத்தில் பிறந்தால் குழந்தையின் நாடு கேள்விக்குள்ளாகிறது.

வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை, எல்லோரும் ஓ.சி.ஐ. என்று சொல்வது, அதை வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்களாம். பதிவான மணம் இரண்டு ஆண்டு தொடர்ந்து நீடித்திருந்தால் வாழ்க்கைத்துணைக்கு அது கிடைக்கும். அட்டை வாங்கி ஐந்து ஆண்டு கழித்து, கடைசி 12 மாதம் இங்கே வசித்திருந்தால் அந்த வழியிலும் குடியுரிமை கேட்கலாம். ஆனால் அட்டை குடியுரிமை ஆகாது. ஓட்டு இல்லை. விவசாய நிலம் வாங்க முடியாது. புள்ளலூர் போன்ற ஊரில் இந்த இரண்டும் இல்லாமல் ஒரு பெண் எதைத் தன்னுடையது என்று சொல்வாள்?

ஓட்டு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இவர் ஊருக்கு வந்த இரண்டாவது வருடம், தெருவில் கட்சி வேலை செய்யும் ஒருவர் நல்ல மனதோடு வந்து, "வோட்டர் லிஸ்ட்ல பேரச் சேத்துடறேன்மா, போட்டோ மட்டும் குடு" என்று கேட்டிருக்கிறார். மாமியார் போட்டோவை எடுத்தே விட்டார். இவர் வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கு மாட்டியிருப்பார். வாக்காளர் பட்டியலில் சேரத் தரும் படிவத்திலேயே நான் இந்தியக் குடிமகன் என்ற உறுதிமொழி இருக்கிறது. அதில் பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை என்று 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. குடியுரிமை கேட்டுப் போகும் இடத்தில், ஏற்கெனவே குடிமகள் என்று பொய் சொன்ன தாள் முன்னால் நின்றால் அதற்கு என்ன பதில் சொல்வது? ஆதார் வைத்திருப்பதில் தவறில்லை. இங்கே போதுமான நாள் வசிக்கும் வெளிநாட்டவரும் ஆதார் எடுக்கலாம். ஆதார் குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாது என்பதை அந்தச் சட்டமே சொல்லியிருக்கிறது. வாக்காளர் அட்டையும் இந்தியப் பாஸ்போர்ட்டும் அப்படி இல்லை. நல்லது செய்வதாக வருகிறவர்களிடம் 'இல்லை' என்று சொல்லக் கற்றுக்கொள்வதும் இந்தத் தயாரிப்பில் சேரும்.

விசாரணைக்குப் போலீஸ் வருவதற்கு முன்னால் இவர் செய்த ஒரு காரியம் என்னை மிகவும் தொட்டது. தெருவில் வீடு வீடாகப் போனார். கேட்பதற்கு வருகிறவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். காரணம் இருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு வேறு ஏதோ விசாரணைக்கு வந்த ஏட்டையாவிடம் எதிர்வீட்டுப் பாட்டி, "அது எங்க ஊட்டுப் பொண்ணு சார். இங்கயே பொறந்து வளந்தது" என்று சொல்லி வைத்திருந்தார். பாட்டியின் பாசம் அது. விசாரணை அறிக்கையில் ஏறினால் அது முரண். "பாட்டி, நான் செலோன்ல பொறந்தவ. நீங்க அதத்தான் சொல்லணும். 2015-ல வந்தா, நல்லபடியா இருக்கான்னு சொன்னாப் போதும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். பாட்டிக்குக் கோபம். "வேத்து ஊர்க்காரின்னு உன்ன என் வாயால சொல்லச் சொல்றியா?" என்று ஒரு வாரம் பேசவில்லையாம். பிறகு போலீஸ்காரர் வந்தபோது சரியாகச் சொல்லியிருக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முதன்முதல் வந்தபோது மாமியாரை இவர் 'மாமி' என்று கூப்பிட்டார். மலையகத்தில் அப்படித்தான் வழக்கம். தெருவே சிரித்தது. 'அத்தை' என்று மாற்றிக்கொண்டார். 'கதைக்கிறது' போய்ப் 'பேசுறது' வந்தது, 'பாண்' போய் 'பிரெட்' வந்தது. இயல்புரிமை என்ற வேறு பிரிவில் குடியுரிமை கேட்பவருக்கு அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. மணவழிப் பதிவுக்கு மொழித் தேர்வு கிடையாது. இருந்தாலும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் இன்னொரு தமிழைக் கற்றுக்கொண்டிருக்கிறார். அதைக் குறித்துக்கொள்ள எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

நோட்டில் 2022-ம் வருடத்துக்கான வரியின் கீழே மட்டும் இரண்டு முறை கோடு போட்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

அந்த வருடம் ஏழு ஆண்டுக் கணக்கு முடிந்து, கடைசி 12 மாதமும் முடிய இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. எல்லாத் தாளும் தயார். அப்போதுதான் அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தது. இலங்கை பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம். பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை, ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டுப்பாடு. 12 மாதம் முழுக்க இருக்க வேண்டும் என்ற விதியில், சிறப்புச் சூழ்நிலை என்று மத்திய அரசு கருதினால் முப்பது நாள் வரை தளர்த்தலாம் என்று 2015-ல் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. தளர்த்துவதும் தளர்த்தாததும் அரசின் முடிவு. வக்கீல் சொன்னார், போனால் ரிஸ்க், போகாமல் இருந்தால் நல்லது என்று.

"அம்மா செத்துட்டா அந்தப் பேப்பர வச்சு நான் என்ன செய்ய?" என்று இவர் கேட்டிருக்கிறார். காஞ்சிபுரத்தில் மருந்துக் கடையில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆறு மாத மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பதினெட்டு நாள். அம்மா பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்து, தளர்வு கேட்டு மனுப் போட்டு இழுபறியில் நிற்க வேண்டாம் என்று முடிவு செய்து, 12 மாதக் கணக்கை முதலிலிருந்து தொடங்கினார். அந்த இரட்டைக் கோடு அதுதான். ஒரு மகள் தாயைப் பார்க்கப் போனதற்கு ஒரு வருடம் விலை. சட்டத்தில் இருக்கும் தளர்வு, தாய் தந்தை உடல்நலம், சாவு போன்றவற்றுக்குக் கேட்டதும் கிடைக்கும் உரிமையாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?

நேர்காணலுக்கு என்று தனியாகப் படிக்கப் புத்தகம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் குடிமகனை மணந்தவர், பச்சை அட்டை வாங்கி மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு ஐந்து. அங்கே வரலாறு, அரசியல் சாசனம் பற்றிய கேள்விகளை அரசே அச்சிட்டுக் கொடுக்கிறது, மனப்பாடம் செய்துகொண்டு போகலாம். கனடாவில் மணத்துக்கென்று சலுகை எதுவும் கிடையாது. ஐந்து ஆண்டில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும், இருபது கேள்வியில் பதினைந்துக்குச் சரியான விடை சொல்ல வேண்டும். டொராண்டோவில் நம்மவர்கள் எத்தனையோ பேர் இப்படி நாள் எண்ணிக் குடியுரிமை வாங்கியவர்கள்தான். இந்தியாவில் மணவழிப் பதிவுக்குப் பொது அறிவுத் தேர்வு இல்லை. கேள்விப் பட்டியலும் இல்லை. எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் பயத்தைக் கூட்டுகிறது.

பயத்தில் இவர் ஊர் வரலாற்றையே படித்துவிட்டார். மாமனார்தான் வாத்தியார். ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கிய இரண்டாம் புலிகேசியும் பல்லவ மகேந்திரவர்மனும் மோதியது, புள்ளலூரில் பகைவரை அழித்ததாக மகேந்திரனைப் பற்றிக் காசக்குடிச் செப்பேடு சொல்வது, 1780 செப்டம்பர் 10-ம் தேதி ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை இங்கே நொறுக்கியது, அந்தக் காட்சி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனைச் சுவரில் ஓவியமாக இருப்பது, மறு வருடம் ஆகஸ்ட் 27-ல் மறுபடி போர் நடந்தது எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஊரிலுள்ள ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டியும் இருக்கிறார். உத்திரமேரூருக்கும் போனார்கள். வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. குடவோலையில் பெயர் எழுத யாருக்குத் தகுதி என்று 919-லும் 921-லும் வெட்டி வைத்த பட்டியல். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வரி கட்டும் நிலம் கால் வேலி, சொந்த மனையில் வீடு, கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை.

"மாமா படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. சொந்த மனையில வீடுன்னதும் எனக்கு லயம்தான் ஞாபகம் வந்துச்சு. நாலு தலைமொற இருந்தோம். எங்க பேருல ஒரு மனை இல்ல" என்றார்.

நேர்காணல் நாளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அந்த அறை வரைக்கும்கூட வர முடியாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தமிழ்நாட்டின் முகாம்களில் இன்றும் வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாநில அரசு மாற்றியது. 7,469 வீடுகள் கட்டுவதாகவும் அறிவித்தது. அந்த முகாம்களில் பிறந்து, உள்ளூர்ப் பையனைக் கட்டி, இங்கேயே பேரன் பேத்தி எடுத்த பெண்கள் இருக்கிறார்கள். பெற்றோர் பாஸ்போர்ட் விசா இல்லாமல் வந்தவர்கள் என்பதால் மணவழி வாசல் இவர்களுக்கு அடைத்தே இருக்கிறது. அடைத்த வாசலைச் சிலருக்குத் திறந்த 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை. அதே 2019-ல் ஜூன் மாதம், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 மலையகத் தமிழர் தொடுத்த வழக்கில், அவர்கள் மனுக்களைப் பரிசீலிக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். 2024 ஏப்ரல் 19-ல் கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த பெண் ஒருவர் முதன்முறையாக வாக்களித்தது செய்தியானது. அவர் 1986-ல் மண்டபத்தில் பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் இந்தியர் என்ற பழைய விதி அவரைக் காப்பாற்றியது. இரண்டு வருடம் தள்ளிப் பிறந்தவர்களுக்கு அந்த விதி இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. நல்ல காரியம். குற்றவாளி இல்லை என்று சொன்னார்கள். குடிமகள் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. புள்ளலூர் மருமகளும் மலையகப் பெண். கொட்டப்பட்டில் வழக்குப் போட்டவர்களும் மலையகத்தவர். இவர் விமானத்தில் வந்தார், அவர்கள் குடும்பம் உயிருக்குப் பயந்து படகில் வந்தது. இந்த வித்தியாசத்துக்காக இன்னும் ஒரு தலைமுறையை வெளியே நிறுத்துவது நியாயமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நேர்காணல் நாள். காலை பஸ்ஸில் காஞ்சிபுரம். மஞ்சள் பையில் தாள்களைக் கேள்வி வரும் வரிசையில் அடுக்கியிருந்தார். பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட், விசா நீட்டிப்புகள், திருமணச் சான்று, கணவரின் பாஸ்போர்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நோட்டரி பத்திரம், எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ், மேலே அந்த நோட்டு. பை இவர் தோளில்தான் இருந்தது. வீட்டிலும் அந்தப் பையை இவர் தன் டிரங்குப் பெட்டியில்தான் வைத்திருக்கிறார். கணவர் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, அவர் நல்லவர். "என் பேப்பர் என் கையில இருக்கட்டும்னு எங்க அம்மா சொல்லிவிட்டாங்க. பாட்டியோட பேப்பரெல்லாம் தோட்டத்து ஆபீஸ்ல போய்த் தொலைஞ்சு போச்சு." வெளிநாட்டிலிருந்து மணந்து வரும் எந்தப் பெண்ணுக்கும் நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்.

உள்ளே நாற்பது நிமிடம். முதன்முதலில் இந்தியா வந்த தேதி. எந்த விசா. நடுவில் எத்தனை முறை வெளியே போனீர்கள். நோட்டைத் திறந்து படித்தார். அதிகாரி முத்திரைகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். அங்கே யார் யார் இருக்கிறார்கள், வழக்கு ஏதாவது உண்டா, கணவருக்கு என்ன வருமானம். 2017-ல் திரும்பி வந்த தேதி ஒன்று முத்திரையில் மங்கியிருந்தது. "ஞாபகம் இல்ல மேடம். டிக்கெட்டப் பாத்துச் சொல்றேன்" என்று சொல்லி, பையிலிருந்து பழைய போர்டிங் பாஸை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஊகித்துச் சொல்லாததே அவரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். புலிகேசியைப் பற்றியோ குடவோலையைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை.

கடைசியாகக் கேட்டது: ஏன் இந்தியக் குடியுரிமை வேண்டும்?

இதற்கு ஒரு பக்கம் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தாராம். வாய்க்கு வந்தது வேறு. "ஏர்போர்ட்ல ரெண்டு வரிச மேடம். எம் புள்ளைங்களும் அவரும் இந்தியர் வரிசையில போவாங்க. நான் வெளிநாட்டுக்காரங்க வரிசையில நிப்பேன். போன தடவ எம் பையன் என் கைய விட மாட்டேன்னுட்டான். பிரிச்சுதான் அனுப்பினாங்க. அந்த வரிசைக்கு மாறணும், அவ்வளவுதான்."

அதிகாரி எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கினார். போகலாம் என்றார்.

இனி கோப்பு சென்னைக்குப் போகும், அங்கிருந்து டெல்லியில் உள்துறை அமைச்சகத்துக்கு. ஏற்பதாகக் கடிதம் வந்தால், சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும், இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிறகு அரசியல் சாசனத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று உறுதிமொழி, அதன் பிறகு சான்றிதழ். தாத்தாவுக்குக் கிடைக்காமலே போய், பாட்டிக்குக் கண் தெரியாத காலத்தில் கிடைத்த ஒன்றை இவர் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும். அதைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நானும் மேலே கேட்கவில்லை.

கிளம்பும்போது நோட்டின் கடைசி வரியைக் காட்டினார். நேர்காணல் முடிந்து வந்த அன்று இரவு எழுதியது. 'போனது' கட்டத்தில் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் என்று இருந்தது. 'வந்தது' கட்டத்தில் புள்ளலூர், சாயங்காலம் நாலரை மணி பஸ். 'நாள்' கட்டத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை.